விற்பனையும் வானொலியும்: உங்கள் வட்டாரத்துக்கு ஒரு பாட்டு வரிசை

யாருக்கு, எதற்கு

பதுளையிலோ பசறையிலோ அப்புத்தளையிலோ இந்த வாரம் எந்தப் பாட்டு முதலிடம் என்று கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். காலையில் வானொலியைப் போட்டபடி வேலைக்குப் புறப்படுகிறவர் ஒரு பாட்டைச் சொல்வார். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைக்காரர் இன்னொன்றைச் சொல்வார். இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஒன்று காதில் விழுந்த பாட்டு, மற்றது காசு கொடுத்து வாங்கிய பாட்டு. இரண்டையும் சேர்த்து நம்பத்தக்க ஒரு வாராந்த வரிசை போடும் முறையை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். தோட்டத்து வாசிகசாலை, இளைஞர் கழகம், பாடசாலை ஊடகக் கழகம், சிறு சஞ்சிகை, சமூக வானொலி என எதை நடத்துகிறவரும் இதைச் செய்யலாம். நாலைந்து பேர், இரண்டு கொப்பி, ஒரு வானொலிப் பெட்டி, கணக்குப் போட ஒரு கைத்தொலைபேசி இருந்தால் போதும்.

இந்த அத்தியாயம் வற்புறுத்துவது ஒரே விஷயத்தை. விற்பனையையும் ஒலிபரப்பையும் கடைசிப் படி வரை கலக்காதீர்கள். எந்த விகிதத்தில் கலந்தீர்கள் என்பதை வெளியே சொல்லுங்கள். கலந்த பிறகும் இரண்டு நிரல்களையும் வாசகருக்குக் காட்டுங்கள். வேறெந்த ஊரையும்விட ஊவாவுக்கு இது அவசியம். நாம் கேட்கும் தமிழ் எஃப்.எம். நிலையங்களின் பாட்டுத் தெரிவு பெரும்பாலும் கொழும்பில் நடக்கிறது. மலைக்கு வருவது அதன் மறு ஒலிபரப்பு. ஆகவே ஒரு பாட்டு எத்தனை தடவை ஒலிபரப்பானது என்ற எண் பதுளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். நம் மக்களின் சொந்தத் தெரிவு முதலில் தெரிவது விற்பனை நிரலில். இரண்டையும் முதலிலேயே கலந்துவிட்டால் அந்தச் சிறிய குரல் பெரிய எண்ணுக்குள் காணாமல் போய்விடும்.

முன்பு செய்தவர்கள் காட்டிய வழி

இலங்கை மண்ணிலேயே இதற்குப் பெரிய முன்மாதிரி உண்டு. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இந்திய நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அதன் இந்திச் சேவையில் அமீன் சயானி பினாக்கா கீத்மாலாவைத் தொடங்கினார். பின்னாளில் அது வாராந்த வரிசையாக மாறியபோது இந்திய இசைத்தட்டுக் கடைகளின் விற்பனை விவரம் அதற்கு அடிப்படையானது. நல்ல பாட்டின் இசைத்தட்டுகள் கடையில் தீர்ந்துபோனால் விற்பனை எண் விழுந்துவிடும், விருப்பமோ விழுந்திருக்காது. அதனால் நேயர் மன்றங்களின் வாக்கும் சேர்க்கப்பட்டது. தன் ஒலிபரப்பைத் தானே எண்ணும் நிலையம் வட்டத்துக்குள் சுற்றும்: வரிசையில் இருப்பதால் போடுவார்கள், போடுவதால் வரிசையில் ஏறும். வெளியிலிருந்து இரண்டாவது அளவுகோல் எடுத்ததில் கீத்மாலா அந்த வட்டத்துக்கு வெளியே நின்றது.

விற்பனையோடு ஒலிபரப்பைச் சேர்த்தது அமெரிக்காவின் பில்போர்டு சஞ்சிகை. கடை விற்பனைக்கு ஒரு பட்டியல், வானொலிக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியே வைத்திருந்தவர்கள், 1958 ஓகஸ்டில் இரண்டையும் இணைத்து ‘ஹொட் 100’ என்ற வரிசையை வெளியிட்டார்கள். பிரித்தானியாவில் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் 1952 நவம்பரில் தொடங்கிய வரிசையோ விற்பனையை மட்டுமே நம்பியது. சுமார் இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி எண்களை வாங்கினார்கள். இருபது கடையைக் கொண்டு ஒரு தேசத்துக்கே வரிசை போட முடிந்தது என்றால் ஆறு கடையைக் கொண்டு பதுளை மாவட்டத்துக்குப் போட முடியும். வரலாறு இவ்வளவு போதும், இனிச் செய்முறை.

படி 1: எல்லையும் வாரமும்

எந்தப் பகுதிக்கான வரிசை என்பதை முதலில் எழுதி வையுங்கள். ‘ஊவா மாகாணம்’ என்று தலைப்புப் போட்டுவிட்டு பதுளை நகரில் மட்டும் எண்களை எடுப்பது தவறு. மொனராகலையில் ஆள் இல்லையென்றால் ‘பதுளை, பசறை, பண்டாரவளை’ என்றே தலைப்பிடுங்கள். சிறிய எல்லையை நேர்மையாகச் சொன்ன பட்டியலுக்கு மதிப்புக் குறையாது. வாரத்தைத் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியுங்கள். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்து சாமான் வாங்குவதற்கு ஞாயிறு முக்கியமான நாள். வாரத்தைச் சனி இரவோடு முடித்தால் வார இறுதியின் வியாபாரம் இரண்டு கணக்குகளில் பிளந்துவிடும்.

படி 2: பாட்டுக்கு அடையாளம்

ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள்: முதல் வரி, படம் அல்லது இசைத்தொகுப்பு, பாடியவர், இசையமைத்தவர், ஆண்டு. ஒரே தொடக்கச் சொல் கொண்ட பாட்டுகள் பல உண்டு. பழைய பாட்டின் மறுபதிப்பும் மூலமும் ஒரே வாரத்தில் ஓடுவதும் உண்டு. அட்டை இல்லாவிட்டால் இரண்டு பேர் குறித்த ஒரே பாட்டு இரண்டாகப் பிரியும், அல்லது இரண்டு பாட்டு ஒன்றாகச் சேரும்.

பழைய பாட்டுகளை என்ன செய்வது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். தோட்டங்களில் 1980களின் இளையராஜா பாட்டுகள் இன்றும் கேட்கப்படுகின்றன; அவற்றை விட்டால் வரிசை பொய்யாகும், சேர்த்தால் வாரந்தோறும் அதே பெயர்கள் நிற்கும். பில்போர்டில் 20 வாரத்தைத் தாண்டிய பாட்டு ஐம்பதாம் இடத்துக்குக் கீழே இறங்கினால் விலக்கிவிடும் விதியை வைத்தார்கள். நமக்கு எளிய வழி, ஒரே கணக்கிலிருந்து இரண்டு பட்டியல்: கடந்த 12 மாதத்தில் வந்த பாட்டுகளுக்கு ஒன்று, அதற்கு முந்தியவற்றுக்கு ஒன்று.

படி 3: விற்பனை நிரல்

இசைத்தட்டும் கசெட்டும் போன பிறகு ‘விற்பனை’ என்று எதைச் சொல்வது என்பது நியாயமான கேள்வி. ஒருவர் ஒரு குறிப்பிட்ட பாட்டுக்காகக் காசு கொடுத்தால் அது விற்பனை. கசெட் காலத்து ரெக்கோர்டிங் பாரில் தாளில் எழுதிக் கொடுத்து பதிவு செய்துகொண்டதும், இன்று ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் பென் டிரைவில் பாட்டு ஏற்றிக்கொள்வதும், தொலைபேசிக்கு அழைப்பு இசையாகக் காசு கட்டி வைத்துக்கொள்வதும், சிறு கலைஞர் கையில் கொண்டுவந்து விற்கும் சீடியும் இந்த வகைதான். கல்யாண வீட்டுக்கோ மாரியம்மன் திருவிழாவுக்கோ ஸ்பீக்கர் செட் கட்டுகிறவரிடம் பெயர் சொல்லிக் கேட்கப்பட்ட பாட்டையும் தனியாகக் குறிக்கலாம். ‘புதுப் பாட்டா ஒரு நூறு போடுங்க’ என்று மொத்தமாக ஏற்றிக்கொள்வதை மட்டும் எண்ணாதீர்கள். அங்கே தெரிவு செய்தவர் கடைக்காரர்.

1. ஐந்து முதல் எட்டுக் கடைகளைத் தெரிவு செய்யுங்கள். எல்லாமே பதுளை பஸ் நிலையத்தைச் சுற்றி இருக்கக் கூடாது. பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை போன்ற இடங்களிலும் தலா ஒன்றாவது வேண்டும்.

2. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கோடு போடும் தாள் கொடுங்கள். பெயர் சொல்லிக் கேட்ட ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கோடு.

3. ஒரே ஆள் ஒரே பாட்டைப் பத்துப் பிரதி வாங்கினாலும் ஒரு கோடுதான்.

4. கேட்டும் கிடைக்காமல் திரும்பியவருக்குத் தாளின் ஓரத்தில் புள்ளி வையுங்கள். அதை விற்பனையில் கூட்டாதீர்கள். புள்ளிகள் அதிகமான பாட்டுக்கு வரிசையில் நட்சத்திரம் இட்டு, ‘கடையில் கிடைக்கவில்லை’ என்று குறிப்பு எழுதுங்கள்.

5. ஞாயிறு மாலை தாளைப் படம் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்; எண்களை வாயால் கேட்டு எழுதாதீர்கள்.

கடைசி வரியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு அமெரிக்க அனுபவமே சான்று. அங்கே பல ஆண்டுகளாகக் கடை ஊழியர்கள் தொலைபேசியில் ‘இது நன்றாகப் போகிறது, அது சுமார்’ என்று சொன்னதை வைத்தே வரிசை போட்டார்கள். 1991 மே மாதம் இசைத்தொகுப்பு வரிசைக்கு விலைப்பட்டைக் கோட்டை இயந்திரம் படித்துத் தரும் எண்கள் வந்தன. உடனே கன்ட்ரி இசையும் ராப் இசையும் மளமளவென்று மேலே ஏறின. மக்கள் ஒரே வாரத்தில் ரசனையை மாற்றிக்கொள்ளவில்லை. ஊழியர்கள் தமக்குப் பழக்கமில்லாத இசையை இத்தனை காலமும் குறைத்துச் சொல்லி வந்தது அப்போது தெரியவந்தது. பதுளை நகரத்துக் கடைக்காரர் தோட்டத்து இளைஞர் கேட்கும் கானாப் பாட்டையோ நாட்டார் பாட்டையோ ‘அதெல்லாம் பெரிசா போறதில்ல தம்பி’ என்று சொன்னால், அது கணக்கா அபிப்பிராயமா என்று உங்களால் பிரிக்க முடியாது. கோடு போட்ட தாள் பிரித்துக் காட்டும்.

உதவிக் குறிப்பு: சம்பளம் போட்ட வாரத்திலும் தீபாவளி முற்பணம் கையில் வந்த வாரத்திலும் விற்பனை பொங்கும், மாதக் கடைசியில் வற்றும். ஒரு பாட்டு மாதக் கடைசி வாரத்தில் மொத்தம் 80இல் 16 விற்றது, சம்பள வாரத்தில் மொத்தம் 200இல் 30 விற்றது என்று வையுங்கள். எண் ஏறக்குறைய இரட்டித்தது போலத் தெரியும். பங்கைப் பார்த்தால் 20 சதவீதத்திலிருந்து 15க்கு இறங்கியிருக்கிறது. எனவே எண்ணை எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அந்தந்த வாரத்தின் மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதை ஒப்பிடுங்கள்.

படி 4: வானொலி நிரல்

ஒலிபரப்பை எண்ணும்போது பலரும் செய்யும் பிழை, நிலையம் போட்ட தடவைகளை மட்டும் எண்ணுவது. பகல் பதினொரு மணிக்குக் கொழுந்து மலையில் எல்லோரும் வேலையில் இருக்கும் நேரத்தில் ஓடிய பாட்டும், விடியற்காலையில் லயத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட பாட்டும் ஒன்றாகா. நிலையங்களின் விஷயமும் இப்படித்தான். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே நின்றால் மங்கிவிடும். 2,036 மீற்றர் உயர்ந்து நிற்கும் நமுனுகுலவின் ஒரு பக்கத்தில் தெளிவாக எடுபடும் நிலையம் மறுபக்கத்தில் இரையலாம். ஆகவே தென்றல், சூரியன், சக்தி, வசந்தம், வர்ணம் எதுவானாலும், அது கொழும்பில் எவ்வளவு பெரிய நிலையம் என்பதை விடுங்கள். உங்கள் லயத்தில் அதை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒலிபரப்புக் கொழும்பில் தீர்மானமாவது உண்மை. ஆனால் கேட்பது இங்கேதான் நடக்கிறது. வானொலி நிரலுக்குள் உள்ளூர் குரல் நுழையும் வழி அது ஒன்றே.

1. மூன்று நான்கு தோட்டப் பிரிவுகளில் மொத்தம் 40 வீடுகளில் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த நேரத்தில் வானொலி ஓடும், எந்த நிலையம்? பெயர், தொலைபேசி எண் எதுவும் எழுத வேண்டாம்.

2. நாளை மூன்று பகுதியாக்குங்கள்: காலை 5 முதல் 7, பகல் 9 முதல் 3, மாலை 6 முதல் 9. ஒரு நேரத்தில் ஒரு நிலையத்தைக் கேட்கும் வீடுகளின் எண்ணிக்கையே அந்த இடத்தின் புள்ளி. காலையில் ஒரு நிலையத்தை 12 வீடுகள் கேட்டால் அங்கே ஒரு தடவை ஒலித்த பாட்டுக்கு 12 புள்ளி. பகலில் இன்னொரு நிலையத்தை ஒரே வீடு கேட்டால் 1 புள்ளி.

3. அதிகம் கேட்கப்படும் இரண்டு அல்லது மூன்று நிலையங்களை மட்டும் கவனியுங்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வையுங்கள்.

4. பகல் ஆறு மணி நேரத்தையும் கேட்க ஆள் இராது. தினம் ஒரு மணி நேரம் கேட்டு, வந்த எண்ணை ஆறால் பெருக்குங்கள்; கேட்கும் மணியை நாளுக்கு நாள் மாற்றுங்கள். தினமும் ஒரே மணியைக் கேட்டால் ஒரே அறிவிப்பாளரின் விருப்பம்தான் உங்கள் கணக்கில் ஏறும்.

5. பாட்டின் பாதியாவது ஒலித்தால் எண்ணுங்கள். விளம்பரத்துக்கும் நிகழ்ச்சி இடைவெளிக்கும் வரும் துண்டுகளை விடுங்கள்.

6. ‘இந்த வார முதல் பத்து’ போன்ற வரிசை நிகழ்ச்சிகளில் ஒலித்ததை எண்ணாதீர்கள். முன்பு சொன்ன வட்டம் அங்கேதான் சுழல்கிறது. நீங்களே ஒரு சமூக வானொலியை நடத்துபவரானால் உங்கள் நிலையத்தின் ஒலிபரப்பை முழுவதுமாக விடுங்கள்.

நேயர் விருப்ப நிகழ்ச்சியில் ஒலித்ததற்குக் கூடுதல் புள்ளி தரலாமா? ‘நீங்கள் கேட்டவை’ காலத்திலிருந்தே மலையக ஊர்ப் பெயர்கள் இலங்கை வானொலியில் ஒலித்து வந்தவை; நம்மவர் கேட்ட பாட்டுக்கு மதிப்புக் கூட்ட மனம் விரும்பும். கூட்ட வேண்டாம். ஒரு கடிதமோ ஒரு குறுஞ்செய்தியோ ஒருவருடைய விருப்பம். அந்த நேரத்தில் கேட்ட வீடுகளின் புள்ளி அதற்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

படி 5: கலப்பது

இப்போது கையில் இரண்டு நிரல்கள். எடுத்துக்காட்டுக்கு மூன்று பாட்டுகளை வைத்துப் பார்ப்போம். இந்த வாரம் கடைகளில் விழுந்த கோடுகள் மொத்தம் 200. வானொலிப் புள்ளிகள் மொத்தம் 4,000.

பாட்டு ‘அ’: விற்பனை 50, வானொலி 400.
பாட்டு ‘ஆ’: விற்பனை 30, வானொலி 800.
பாட்டு ‘இ’: விற்பனை 10, வானொலி 1,000.

நேரே கூட்டினால் அ 450, ஆ 830, இ 1,010. முதலிடம் ‘இ’. இந்தக் கூட்டலில் எந்த விகிதமும் பயன்படவில்லை என்று தோன்றும். அது பெரிய மயக்கம். 200ஐயும் 4,000ஐயும் ஒன்றாகப் போட்டபோதே விற்பனைக்கு நூற்றுக்கு ஐந்துகூடக் கொடுக்காமல் மிச்சம் முழுவதையும் வானொலிக்குக் கொடுத்துவிட்டீர்கள். அதைத் தீர்மானித்தது நீங்கள் அல்ல, அலகுகளின் அளவு.

சரியான முறை, முதலில் இரண்டையும் பங்காக மாற்றுவது. விற்பனையில் அ 25 சதவீதம், ஆ 15, இ 5. வானொலியில் அ 10, ஆ 20, இ 25. அதன் பிறகு விகிதம். விற்பனைக்கு 60, வானொலிக்கு 40 என்று வைத்தால் அ 19, ஆ 17, இ 13 புள்ளிகள் பெறும். நேர்க் கூட்டல் தந்த வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. பாதிக்குப் பாதி வைத்தால் அவும் ஆவும் 17.5இல் சமம். விற்பனைக்கு 40, வானொலிக்கு 60 என்றால் ஆ 18, இ 17, அ 16. மக்கள் வாங்கியதும் கேட்டதும் மாறவில்லை; விகிதம் மாற, முதலிடமும் மாறுகிறது.

ஊவாத் தோட்டப் பகுதிக்கு 60க்கு 40 என்பதே என் பரிந்துரை. காசு கொடுத்து வாங்குவது இங்கே கனமான செயல். நாட்கூலியில் வாழும் குடும்பத்தின் பிள்ளை ஒரு பாட்டுக்குச் செலவழிப்பது, ஓடிக்கொண்டிருக்கும் வானொலியை நிறுத்தாமல் விடுவதைப் போன்றதல்ல. மற்றக் காரணம் முன்பே சொன்னது: எதை ஒலிக்கவைப்பது என்ற தெரிவு வெளியூரில் நடக்கிறது. விற்பனைக்கு 80, 90 என்று போகாததற்கும் காரணம் உண்டு. காசே செலவழிக்க முடியாதவர்கள், முதியவர்கள், வீட்டில் வானொலி மட்டுமே உள்ளவர்கள் அந்த நிரலில் இல்லை. அவர்களும் கேட்கிறார்கள், அவர்களுக்கும் பிடித்த பாட்டு இருக்கிறது.

விகிதத்தை ஒவ்வொரு வாரமும் பட்டியலுக்கு அடியிலேயே அச்சிடுங்கள். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாவிட்டால் கணக்குச் சரியாக இருந்தாலும் மனம் ஏற்காது; பட்டியலும் அப்படித்தான். ஆண்டு நடுவில் விகிதத்தை மாற்றாதீர்கள். மாற்றவேண்டும் என்று பட்டால் தை மாதத்தில் மாற்றி, காரணத்தையும் எழுதுங்கள்.

படி 6: உறுதி பார்ப்பது

வெளியிடுமுன் 40க்கு 60, 50க்கு 50, 60க்கு 40 மூன்று விகிதத்திலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் முதல் மூன்றுக்குள் நிற்கும் பாட்டின் இடம் உறுதியானது. ஒன்றில் மட்டும் ஏறுகிற பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு குறி இடுங்கள். பத்தாம் இடத்துக்குப் போட்டியிடும் பாட்டுகள் மூன்று நான்கு கோடுகளிலேயே பிரிகின்றன என்றால் முதல் ஐந்தோடு பட்டியலை நிறுத்துங்கள். ஒரு ஆள் கூடுதலாக வாங்கினால் மாறிப்போகும் இடத்துக்கு எண் கொடுப்பது வாசகரை ஏமாற்றுவதாகும். எண்கள் சிறியதாக உள்ள ஆரம்ப மாதங்களில் இந்த வாரத்தையும் சென்ற வாரத்தையும் சேர்த்துச் சராசரி எடுப்பது நல்லது.

கேட்கப்படும் ஆட்சேபனைகள்

யூடியூப்பில் பார்வை எண்ணிக்கை கண்முன்னே இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பார்கள். அந்த எண் சென்னையையும் சிங்கப்பூரையும் ரொறன்ரோவையும் சேர்த்த எண். ஒரு பாட்டைக் கோடிப் பேர் பார்த்திருக்கலாம். அவர்களில் மடுல்சீமையில் எத்தனை பேர் என்பது அதில் தெரியாது. பில்போர்டு 2013இல் யூடியூப்பைச் சேர்த்தபோதும் அமெரிக்காவுக்குள் பார்த்ததை மட்டுமே எடுத்தது. மாவட்ட அளவில் அப்படிப் பிரித்த எண் நம் கைக்கு வராதவரை அதைக் கணக்கில் சேர்க்காமலிருப்பதே சரி.

வாக்கெடுப்பு நடத்திவிடலாமே என்பது இன்னொன்று. தனி ஆட்களின் வாக்கு, ஒருவர் ஐம்பது தடவை அனுப்பினால் ஐம்பதாகிவிடும். கீத்மாலா மன்றங்களைத் தேடிப் போனதில் அந்தப் பாதுகாப்பும் இருந்தது. மன்றம் என்றால் பலர் கூடிப் பேசி ஒரு முடிவு. உங்கள் பகுதியில் அப்படி இயங்கும் மன்றங்கள் இருந்தால், சமமாக நிற்கும் இரண்டு பாட்டுகளைப் பிரிக்க மட்டும் அவர்கள் வாக்கைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது ஆட்சேபனைதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. இப்படிப்பட்ட வரிசையில் சென்னைத் திரைப்பாட்டுகள்தானே நிறையும். மலையகத்தின் சொந்தப் பாட்டுக்கு இடம் எங்கே? கவலை நியாயமானது. அமெரிக்காவிலும் இதையொத்த ஒரு குறை இருந்தது: தனிப்பாட்டாகக் கடைக்கு வராத பாட்டு, வானொலியில் எவ்வளவு ஒலித்தாலும் ஹொட் 100இல் ஏற முடியாது என்ற விதி 1998 டிசம்பர் வரை நீடித்தது. பாட்டு எந்த வழியாக மக்களிடம் போகிறதோ அந்த வழியை எண்ணாத கணக்கு, பாட்டையே இல்லையென்று சொல்லிவிடும். நம் தோட்டங்களில் பாட்டு கைக்குக் கை போன வரலாறு நீண்டது. கோ. நடேசய்யரோடு இணைந்து இயங்கிய மீனாட்சி அம்மாள் தொழிலாளரின் நிலையைப் பாட்டுகளாக எழுதி 1940இல் நூலாக வெளியிட்டார். வானொலி எண்ணிக்கையைக் கொண்டு தேடினால் அந்தப் பாட்டுகள் அகப்படா. ஆகவே உள்ளூர்க் குழுக்கள் திருவிழாவிலும் காமன் கூத்திலும் கையில் விற்கும் சீடிக்கும் பென் டிரைவுக்கும் ஒரு பதிவுக் கொப்பி கொடுங்கள். கடைத் தாளுக்குள்ள அதே விதி, ஒரு ஆளுக்கு ஒரு கோடு. அவர்களுக்கென்று சலுகைப் புள்ளி தராதீர்கள். சலுகையில் ஏறிய பாட்டு என்ற பேச்சு வந்தால் அந்தக் கலைஞருக்கே அது இழுக்கு. இரண்டு நிரல்களையும் தனித்தனியே அச்சிடுவதால் கிடைக்கும் பெரிய நன்மையும் இங்கேதான்: விற்பனையில் ஏழாவதாக நிற்கும் ஒரு தோட்டத்துப் பாட்டுக்கு வானொலி நிரலில் பூச்சியம் என்று அச்சில் வந்தால், நிலையங்களிடம் கேட்பதற்கு அந்தக் கலைஞர் கையில் ஒரு சான்று இருக்கும்.

அடிக்கடி நேரும் பிழைகள்

ஒரே கடையின் தாள் மொத்தத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வது முதல் பிழை. எந்தக் கடையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதபடி உச்சவரம்பு வையுங்கள். விடுபட்ட தாளுக்குச் சென்ற வாரத்து எண்ணைப் போட்டு நிரப்புவது இரண்டாவது; நிரப்பாமல், ‘இந்த வாரம் ஐந்து கடைகள்’ என்று எழுதுங்கள். வீடுகளில் கேட்ட விவரத்தை ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்காமல் விடுவதும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது மறுபடியும் 40 வீடு ஏறி இறங்குங்கள். புதிய நிலையம் எடுபடத் தொடங்கியிருக்கலாம், பழையது மங்கியிருக்கலாம்.

பாதுகாப்பு

இடி, மின்னல்: மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் ஊவா மலைகளில் இடியோடு மழை பெய்யும். வானொலி நன்றாக எடுபடக் கூரைக்கு மேல் கம்பி கட்டியிருந்தால் இடிச்சத்தம் கேட்கத் தொடங்கும் முன்பே அதைக் கழற்றி, மின் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். மின்கம்பிக்குக் கிட்ட ஏரியல் கம்பியைக் கொண்டுபோகவே வேண்டாம். அந்த நேரத்துக் கணக்கு விடுபட்டால் விடுபடட்டும்.

மண்சரிவு: 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்ததை இந்த மாவட்டத்தில் மறந்தவர் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் தாள் வாங்க எவரையும், குறிப்பாகப் பாடசாலைப் பிள்ளைகளை, அனுப்பாதீர்கள். தொலைபேசியில் படமாக வரட்டும், அல்லது அந்தக் கடை இல்லாமல் கணக்கைப் போடுங்கள்.

பதிப்புரிமை: கார்டில் ஏற்றப்படும் பாட்டுகளில் பல உரிமையாளரின் அனுமதியின்றிப் பிரதி செய்யப்பட்டவை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. நீங்கள் எண்ணுவது மக்களின் விருப்பத்தை மட்டும். பாட்டுக் கோப்புகளை நீங்கள் சேமிக்கவோ பகிரவோ கூடாது. அனுமதியுள்ள விற்பனையைத் தனிக் கோட்டில் குறித்து வையுங்கள். பின்னாளில் அதை மட்டும் எண்ணும் நிலைக்கு மாறுவது எளிதாகும்.

தனிப்பட்ட விவரம்: வாங்கியவரின் பெயரும் எண்ணும் உங்களுக்குத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், தேவையற்ற விவரத்தைச் சேர்ப்பது தேவையற்ற ஆபத்தைச் சேர்ப்பது.

காசும் அன்பளிப்பும்: வரிசை பெயரெடுக்கத் தொடங்கியதும் யாராவது தேடி வருவார்கள். காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்ட அறிவிப்பாளர்களைப் பற்றி 1959, 1960இல் அமெரிக்கக் காங்கிரசே விசாரணை நடத்தி, சட்டத்தையும் திருத்த வேண்டியிருந்தது. கணக்குப் போடுகிறவரும் தாள் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்கவேண்டாம். கடைகளின் பெயரை வெளியிடாதீர்கள். எந்தக் கடையில் வாங்கினால் வரிசை ஏறும் என்பது தெரிந்தால் அங்கே ஆள் வைத்து வாங்குவார்கள்.

படி 7: வெளியிடுவது

பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்து கட்டங்கள் வையுங்கள்: இந்த வார இடம், சென்ற வார இடம், விற்பனைப் பங்கு, வானொலிப் பங்கு, மொத்தப் புள்ளி. அடியில் எத்தனை கடைகள், எத்தனை மணி நேர ஒலிபரப்பு, எந்த விகிதம் என்ற மூன்று வரிகள். பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அடுத்த வாரப் பட்டியலின் உச்சியிலேயே திருத்தத்தைப் போடுங்கள். கோடு போட்ட தாள்களையும் வானொலிக் கொப்பியையும் குறைந்தது ஓராண்டு வைத்திருங்கள். கேட்டு வருகிறவர் எவரானாலும், கடைப் பெயரை மறைத்துவிட்டு, உட்கார்ந்து கூட்டிப் பார்க்க விடுங்கள்.